முதலில் கவனித்தவர்

கொட்டாரம்
30.09.2025

அன்புள்ள ஜெபகனிக்கு,

கர்த்தர் கிருபையில் நானும் சுகம், உன் கோழிகளும் சுகம். நீ ஃபோனை எடுக்காததால் இருபது வருஷத்துக்குப் பிறகு இன்லண்டு லெட்டர் வாங்கினேன். தபால் ஆபீஸில் இருக்கும் ஜினி, "யாருக்கு அண்ணாச்சி, லவ் லெட்டரா?" என்று கேட்டாள்.

அறுப்பின் பண்டிகை முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. சபை ஏலத்தில் ஒரு பேச்சு சொன்னதற்கு இப்படியா அண்ணன் வீட்டில் போய் உட்காருவார்கள்? காணிக்கையாக வரும் காய்கனியை வருஷா வருஷம் ஏலம் விடுகிறவன் நான். சிரிக்க வைத்தால்தான் சனம் கை தூக்கும். அந்தப் பெரிய தடியங்காய்ப் பூசணியைத் தூக்கிக் காட்டி, "இது எனக்க வீட்டுக்காரியப் போல, வச்ச எடத்துல ஆறு மாசம் அசையாம இருக்கும்" என்றேன். போதகரே சிரித்தார். பெண்கள் பக்கத்தில் நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன்.

நாலு வருஷமாகப் பகலிலும் படுத்துக் கிடக்கிறாய். அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்து போகிறாய். என்றைக்காவது ஏசியிருக்கிறேனா? விளையாட்டாகத்தானே சொல்வேன். கடையில் இருந்துகொண்டு ஹோட்டல் சாப்பாடு சாப்பிட்டு வயிறு கெட்டுவிட்டது. சனிக்கிழமை வந்துவிடு.

உன்,
ஞானையன்


கொட்டாரம்
12.10.2025

ஜெபகனி,

நேற்று உன் அண்ணன் சுந்தரராஜ் உன் துணிமணி எடுக்க வந்தார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் உனக்கு எடுத்த ரத்த ரிப்போர்ட்டைக் கடைக் கல்லாவின் மேல் வைத்துவிட்டு, சாயா கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. துபாயில் இருக்கும் ஜெஸ்மிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அப்பா, நாலு அஞ்சுக்குள்ள இருக்க வேண்டியது அம்மாக்கு எண்பத்தாறு இருக்கு. தைராய்டு வேலையே செய்யல்ல. அம்மா எப்படி எந்திரிச்சு நடந்தாவளோ" என்றாள். பிறகு நம் மகள் ஃபோனிலேயே அழுதாள். நான் ஏலத்தில் சொன்னது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. யாரோ வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

வெட்கமாக இருக்கிறது ஜெபகனி. கடையில் ஒரு ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தாலும் தலை குனிகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கலாம் என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகாவது வருவாயா?

மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட வேண்டும், ஒரு மணி நேரம் சாயா குடிக்கக் கூடாது என்று ஜெஸ்மி சொன்னாள். நானும் உன்னோடு குடிக்காமல் இருப்பேன்.

ஞானையன்


நெய்யூர்
16.10.2025

ஜெஸ்மி அப்பாவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தது. ஃபோனில் பேசினால் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரித்துவிடுவீர்கள். காகிதத்தில் அது முடியாது, அதனால் எழுதுகிறேன்.

சபையில் எழுந்து நிற்க வேண்டாம். மறுபடியும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். உங்களுக்குப் பாரம் இறங்கும், எனக்கு ஏறும்.

நான் சிரித்ததைப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சிரித்தேன்தான். அதை நினைத்தால் எனக்கு இன்னும் உடம்பு கூசுகிறது. நாலு வருஷம் முழங்கால் போட்டு, "என் சோம்பலை மன்னியும் ஆண்டவரே" என்று ஜெபித்தவள் நான். வியாதிக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்றுதான் நினைத்தேன்.

மாத்திரை தொடங்கி எட்டு நாள் ஆகிறது. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் சரியாகுமாம், ஆனால் வாழ்நாள் முழுக்க விடக் கூடாதாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சித்திரை வெயிலில் நான் போர்வை கேட்டபோது "கொடைக்கானல்காரி" என்றீர்கள். குரல் கம்மியபோது ஃபோனில் "ஹலோ சார்" என்றீர்கள். முகம் வீங்கியபோதும், முடி கொட்டியபோதும் ஒவ்வொரு பேர் வைத்தீர்கள். டாக்டரம்மா என்னைப் பார்த்ததும், "இவ்வளவு நாளா வீட்டில யாரும் கவனிக்கலியா?" என்று கேட்டார்கள். "எனக்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் கவனிச்சாவ டாக்டர். அவியதான் முதல்ல கவனிச்சது" என்றேன். அவர்களுக்கு அது புரியவில்லை.

நவம்பர் 20 மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். மன்னிப்புக் கேட்க விருப்பம் என்றால் அன்றைக்கு வாருங்கள். டாக்டரம்மாவுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

ஜெபகனி


கொட்டாரம்
21.11.2025

அன்புள்ள ஜெபகனிக்கு,

நேற்று பஸ்ஸில் வரும்போது, எப்படித் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பழக்கதோஷம், முதலில் வேடிக்கையாக ஒன்றுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் பக்கத்தில் உட்கார்ந்தபோது உன் கை என் மேல் பட்டது, முன்னைப் போல ஜில்லென்று இல்லை. அதைச் சொல்லவும் பயமாக இருந்தது.

டாக்டரம்மா முன்னால் நான் பேசியதை நீ கேட்டாய். வெயிலில் போர்வை கேட்டாள், குரல் கம்மிப்போனது, சீப்பு நிறைய முடி வந்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள், எல்லாம் நான் பார்த்தேன் என்றேன். "எப்ப இருந்து?" என்று கேட்டார்கள். வருஷமும் மாதமும் எனக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. எப்போது எந்தப் பேர் வைத்தேன் என்பது மறக்கவில்லையே. அவர்கள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே போனார்கள். முப்பது வருஷம் ஊரைச் சிரிக்க வைத்தவன் நான். நேற்று அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் நீ அண்ணன் ஆட்டோவில் ஏறிப் போனாய். சரிதான். வா என்று இந்தக் கடிதத்தில் கேட்க மாட்டேன். அடுத்த ரத்தப் பரிசோதனை ஜனவரி எட்டு என்று சீட்டில் பார்த்தேன். அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வருகிறேன். உள்ளே கூப்பிட மனமில்லை என்றால், வெளியே பெஞ்சில் இருக்கிறேன்.

ஞானையன்