மைனாவின் கேஸ் ஹிஸ்டரி

ஆகஸ்ட் 4

விடுதிக் குழாயில் இன்றும் மஞ்சள் தண்ணீர். புள்ளியியல் வகுப்பில் பாதி புரியவில்லை. மதியம் உளவியல் செய்முறையில் கேஸ் ஹிஸ்டரி வாசிப்பு, முதல் ஆள் மைனா. என் அறைத்தோழி. ஓயாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அவள் வாசிக்கப்போவது என் கதையை. செய்முறைக்காக ஜோடி ஜோடியாக உட்கார்ந்து ஒருத்தி கேட்க, இன்னொருத்தி சொல்ல வேண்டும். அப்புறம் ஆள் யாரென்று தெரியாதபடி மாற்றி எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும். கொஞ்சம் பயம்தான். மைனாதானே, பார்த்துக்கொள்வாள்.

ஆகஸ்ட் 4, சாயங்காலம்

நாசமாப் போக.

"செல்வி எக்ஸ், வயது பத்தொன்பது" என்று ஆரம்பித்தாள். ஊர் மாறியிருந்தது. எங்களை விட்டுப் போன அப்பா, மாமா ஆகியிருந்தார். நிம்மதியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினாலு வயசு வரைக்கும் படுக்கையை நனைத்தது வந்தது. சரி, யாருக்குத் தெரியும்? அடுத்த வரி: "இன்றும் விடுதியில் மெத்தை மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்துத்தான் படுக்கிறார்."

எங்கள் மாடியில் புரண்டு படுத்தால் சலசலக்கிற மெத்தை ஒன்றே ஒன்றுதான். பக்கத்து அறைக்காரிகள் கிண்டல் பண்ணும்போதெல்லாம் தூசி அலர்ஜி என்று சொல்லிச் சமாளித்து வைத்திருந்தேன். வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது. முன்பெஞ்சில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள் — சிரிப்பா, பரிதாபமா? இரண்டில் எது மோசம்?

பாடம் எடுக்கிற கண்ணாடி மேடம் ஒன்றும் தெரியாமல், "ரொம்ப ஆழமா எடுத்திருக்கேம்மா"ன்னு அவளைப் பாராட்டுறாங்க!

ஏண்டி அதைப் போட்டேன்னு ரூமுக்கு வந்து கேட்டேன். "அதுதாண்டி முக்கியமான அறிகுறி. அதை விட்டா கேஸே நிக்காது." அறிகுறியாம். என் மானம் இவளுக்கு அறிகுறி.

ஆகஸ்ட் 6

எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். ஷீட்.

ஆகஸ்ட் 9

அம்மாவிடம் போனில் பாதிதான் சொன்னேன். "விடுடி, வாய் வலிச்சா அவங்களே நிறுத்திடுவாங்க" என்றாள். எதை விடுவது? மைனா இன்று மன்னிப்புக் கேட்டாள், பல் தேய்த்துக்கொண்டே, வாய் நிறைய நுரையோடு. "சாரிடி, நான் யோசிக்கல." யோசிக்காதவளுக்கு உளவியல் படிப்பு ஒரு கேடா? ரெண்டு வருஷம் ஒரே ரூம்ல இருந்துட்டு, மார்க்குக்காக என்னை அம்மணமா நிறுத்தினவ. அழ வைக்காம விட மாட்டேன்.

ஆகஸ்ட் 11

அட்டவணை ஒட்டிவிட்டார்கள். அடுத்த முறை நான் கேட்க வேண்டும், மைனா சொல்ல வேண்டும்.

இன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 20

நேர்காணல் பாடம். கண்ணாடி மேடம் சொன்னது: "கேள்வியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கணும். அந்த மௌனத்தை எதிராளியால தாங்க முடியாது. எதையாவது சொல்லி ரொப்பிடுவாங்க." இந்தப் படிப்பில் சேர்ந்ததிலிருந்து உருப்படியாக ஒரு விஷயம் கற்றேன்.

செப்டம்பர் 2

மாட்டிக்கிட்டா!

செய்முறை அறையின் மூலைத் தடுப்புக்குள் உட்கார்ந்தோம். மைனா கலகலவென்று ஆரம்பித்தாள். சந்தோஷமான குடும்பம், வெளிநாட்டில் அப்பா, அவர் அனுப்புகிற சாக்லேட். வகுப்புக்கே தெரிந்த கதை. அந்தச் சாக்லேட்டைத் தின்னாத வாய் எங்கள் வகுப்பில் கிடையாது. "அப்பா கடைசியா எப்ப வந்தாங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

சிரித்தாள். மேஜை விளிம்பைச் சுரண்டினாள். நான் அசையவில்லை.

"வெளிநாடெல்லாம் இல்லடி. உள்ள இருக்காரு."

குடித்துவிட்டு வண்டி ஓட்டி, ரோட்டைக் கடந்த ஒரு அம்மாவை இடித்துக் கொன்றுவிட்டாராம். சாக்லேட் தெருமுனைக் கடையில் இவளே வாங்குவது. விலைச் சீட்டை நகத்தால் சுரண்டிவிட்டுக் கொண்டுவருவாளாம். அழுதுகொண்டே, "மாத்தி எழுதிடுவேல்ல?" என்று கேட்டாள். "பின்னே?" என்றேன். ஒரு வரி விடாமல் குறித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

செப்டம்பர் 5

எழுதி முடித்தாயிற்று. ஊரை மாற்றினேன், வயதை மாற்றினேன், அப்பாவைச் சித்தப்பா ஆக்கினேன். சாக்லேட்டை மட்டும் தொடவில்லை. முக்கியமான அறிகுறியாச்சே!

செப்டம்பர் 9

 நான் கேட்காமலே மைனா என் துணிகளைத் துவைத்துப் போட்டிருக்கிறாள். "எழுதிட்டியா? ஒரு தடவை காட்டேன்." வாசிக்கிற வரைக்கும் காட்டக் கூடாதுன்னு விதி இருக்குடி என்றேன். அப்படி ஒரு விதியே கிடையாது. முகத்தில் ஈ ஆடவில்லை. பார்க்கப் பார்க்க இனிக்கிறது.

செப்டம்பர் 14

காலையிலேயே குளித்து, தலை பின்னி, மைனா எங்கேயோ கிளம்பினாள். எப்போதும் போல "மாமா வீட்டுக்கு" என்றாள். அது ஜெயில் என்று இப்போது எனக்குத் தெரியுமே. பையைத் திறந்து சரிபார்த்தாள். உள்ளே அதே சாக்லேட், ரெண்டு பாக்கெட். இதுலயும் உட்கார்ந்து சீட்டைச் சுரண்டியிருக்கா. அப்பாவுக்குக் கொடுக்க எதுக்குடி சுரண்டணும்? அவருக்குத் தெரியாதா என்ன?

சனியன், அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பகல் முழுக்க உட்கார்ந்து வேறு மாதிரி எழுதினேன். ஜெயில் இல்லை, சாக்லேட் இல்லை. அப்பா கடல் வேலைக்குப் போய்ப் பேச்சுவார்த்தை விட்டுப்போன ஒரு பையனின் கதை. மைனாவே கேட்டாலும் யாரோ என்றுதான் நினைப்பாள். பழையதைச் சுக்குநூறாகக் கிழித்தேன். அதற்காக நான் நல்லவளாகிவிட்டேன் என்று அர்த்தமில்லை. இதை அவளிடம் சொல்ல மாட்டேன். நாளை வாசிக்கிற நிமிஷம் வரைக்கும் பயந்து சாகட்டும். எனக்கு அது போதும்.

செப்டம்பர் 15

எழுந்துபோய் முன்னால் நின்றேன். தாளைப் பிரித்தேன். உடனே ஆரம்பிக்கவில்லை. வேண்டுமென்றே அவளைப் பார்த்தேன். உதடு வெளுத்து, பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஆரம்பிம்மா" என்றார் மேடம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். இதற்காகத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன்.

மைனா எழுந்துவிட்டாள்.

"மேடம், அது நான்தான். அவ சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன்."

சொல்லிட்டா. அப்பா, ஜெயில், செத்துப்போன அந்தம்மா, சாக்லேட் — எல்லாத்தையும். நான் தாளைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறேன். "ஏய், உட்காருடி"ன்னு ஒரு வார்த்தை வரல எனக்கு.

ஒருத்தி கூடச் சிரிக்கவில்லை. ரெண்டு பேர் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டார்கள். எனக்குப் பட்டப்பெயர், அவளுக்குத் தோளா? இது என்ன நியாயம்? என்னைத்தான் எல்லாரும் முறைத்தார்கள். இன்னொரு நாள் வாசிக்கலாம் என்று மேடம் வகுப்பைக் கலைத்துவிட்டார்.

அழ வைக்கணும்னேன், அழ வெச்சுட்டேன். ஜெயிச்சாச்சு. அப்புறம் ஏன் ராத்திரி சாப்பிடப் போகல?

செப்டம்பர் 16

ஒரு விஷயம் இப்போதுதான் உறைத்தது. நான் அவளைச் சொல்லவே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. தாளை எடுத்து நீட்டி, "படிச்சுப் பாருடி, உன்னை நீயேதான் காட்டிக்கொடுத்துக்கிட்டே" என்று சொன்னால் போதும். இதைவிடப் பெரிய அடி உண்டா? ஆயுசுக்கும் நினைத்து நினைத்து வெந்து சாவாள்.

தாள் பத்திரமாக இருக்கிறது.

செப்டம்பர் 18

மைனா வேறு அறைக்குப் போகிறாள். படுக்கையைச் சுருட்டிக் கட்டினாள், அலமாரியைக் காலி செய்தாள், என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. அன்னிக்கு என்னைச் சொல்லத்தானே போனே?"

தாள் என் தலையணைக்கடியில். கையை நீட்டினால் எட்டும். கண்ணெல்லாம் வீங்கி, பக்கெட்டும் கையுமாக நின்றாள்.

"ஆமா" என்றேன். "ஒண்ணு விடாம."

அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே.

"தெரியும்டி. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நல்லவேளை, நான் முந்திக்கிட்டேன். பாவி, நீ நல்லாவே இருக்க மாட்டே."

போய்விட்டாள். எனக்கு ஏன் வாயில் அது வந்தது? ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா நான் நல்லவ, அவ முட்டாள். மடச்சி! கையில் கிடைத்ததை விட்டுட்டியேடி.

செப்டம்பர் 22

வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, தாளைக் கொடுத்தால் மார்க் போடலாம் என்று மேடம் வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்டார். மைனாவும் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்குக் கையில இருந்தது வெறும் தாள் மேடம். மனசிலேயே வெச்சு நேரா சொல்லிடலாம்னு இருந்தேன், எழுதவே இல்லை" என்றேன்.