ஈசானிய மூலை பாத்ரூம்

வெள்ளிக்கிழமை, இரவு.

இன்று போச்சம்பள்ளி கம்பெனிக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். வீடு விற்றால்தான் அப்பா வேலை செய்யும் ஓசூருக்கு நாங்கள் குடிபோக முடியும்.

"ரெண்டு பாத்ரூம் இருந்தா நல்ல விலைக்குப் போகும்" என்றுதான், புது பாத்ரூம் கட்டியதற்கு அப்பா எல்லாரிடமும் காரணம் சொல்லியிருக்கிறார். உண்மை அதுவல்ல. பழைய பாத்ரூமின் கதவு ஹாலில் இருக்கிறது. அங்கே ஆட்கள் இருந்தால் நான் போக மாட்டேன். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதும் இந்த வெட்கத்தால்தான். அடக்கி அடக்கிக் காய்ச்சல் வந்த பிறகு, சும்மா கிடந்த பின்னறையை அப்பா எனக்காக பாத்ரூமாக்கினார்.

வீடு பார்க்க வந்த அக்கா அந்தப் புது பாத்ரூம் கதவைத் திறந்ததும் நின்றுவிட்டார்.

"அய்யய்யோ, இது ஈசானிய மூலை ஆச்சேங்க! சாமி ரூம் இருக்க வேண்டிய எடத்துல கக்கூஸ் கட்டி வெச்சிருக்கீங்களே!"

அவர் கணவர் சிரித்தார். "எந்த மேஸ்திரிங்க இந்த யோசனை சொன்னது?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "என் புத்திதாங்க" என்றார்.

டீயைத் தொடாமலே போய்விட்டார்கள். நான் தட்டோடு நின்றேன்.

இப்போது எனக்குப் போக வேண்டும். புதியதில் நுழைய மனமில்லை. பழையதற்குப் போகலாமென்றால், ஹாலில் அப்பா விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்.