விழித்திரையின் இரண்டாவது கோடு

இன்று காலை காரைக்குடிக் கறிக்கடையில் ஆட்டுக்கண்களை வாங்கி ஐஸ் பெட்டியை மூடும்போது குளிர்ந்த ரத்த வாடை மூக்கில் ஏறியது. உன் நினைவு வந்துவிட்டது. நம் ஆய்வகத்தில் இந்த வாடைக்கு முகம் சுளிக்காத ஒரே ஆள் நீதான். "கண்ணு எதுக்கும்மா?" என்று கடைக்கார பாய் முதல்முறை கேட்டபோது, "அது எப்படிப் பாக்குதுன்னு பாக்கத்தான் பாய்" என்றாய்.

நாம் இருவரும் ஒரே நாளில் ஆய்வுக்குச் சேர்ந்தவர்கள். நமக்குக் கிடைத்தது, செல்லுக்குள் செய்தி கடத்தும் ஒரு புரதம். மூளை, ஈரல், விழித்திரை மூன்றையும் அரைத்து, புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டினோம். மூளைக்கும் ஈரலுக்கும் ஒவ்வொரு கோடு விழுந்தது. விழித்திரைக்கு மட்டும் இரண்டு. அந்த இரண்டாவது கோடு சற்று மேலே, கனமான புரதங்கள் தங்கும் இடத்தில் நின்றது.

நம் வழிகாட்டி சார் ஜெல்லின் படத்தைப் பார்த்துவிட்டு, "சாம்பிள் கெட்டுப்போயிருக்கும்மா. மேல உள்ளதை வெட்டிட்டுப் போடு" என்றார்.

நீ எழுந்து நின்றாய். "கெட்டுச் சிதைஞ்சா சின்னதால்ல ஆகணும் சார்? இது பெருசால்ல இருக்கு. எப்படிக் கெட்டதுன்னு சொல்றீக?"

உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். நீ உட்காரவில்லை.

வெளியே வந்ததும் என்னிடம் பொரிந்தாய். "ஒரே ஜீன்தான்டி. கண்ணு மட்டும் அதைத் தனக்குத் தக்கன ஒரு துண்டு கூட வச்சுத் தச்சுக்கிது. வெளிச்சத்தை வாங்குற வேலை ஈரலுக்கு இல்லைல?"

அந்த மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. பத்தே நாளில் நீ இல்லை.

அடுத்து நடந்ததை உன்னிடம் சொல்லியாக வேண்டும். "பாவம், நல்ல பொண்ணு. அந்தக் கோட்டை விட்டுட்டு உன் வேலையை முடி" என்று சார் சொன்னபோது நான் தலையாட்டினேன். கணினியில் உட்கார்ந்து மேல்பாதியை வெட்டியும் விட்டேன். சேமிக்கவா என்று திரை கேட்டது. என் கை நகரவில்லை. உன்மேல்தான் கோபம் வந்தது. சண்டையை ஆரம்பித்துவிட்டு என்னை விட்டுப் போனவள் நீ. சேமிக்காமலே மூடிவிட்டு எழுந்தேன்.

மறுநாளே புதிய கண்களோடு மூளையும் ஈரலும் வாங்கி, மூன்றிலிருந்தும் புரதத்துக்கான செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தேன். மூன்று முறை செய்தேன். மூன்று முறையும், விழித்திரையினுடையதில் நடுவில் ஒரு சிறு துண்டு கூடுதலாக இருந்தது. மூளையில் இல்லை, ஈரலில் இல்லை. நீ சொன்ன அதே துண்டு.

சார் முடிவை ஏற்றுக்கொண்டார், கட்டுரையில் உன் பெயர் வருவதை அல்ல. "கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டாப் போதும்."

"அவ பேரு முதல்ல வரலைன்னா எம் பேரும் வேணாம் சார். நீங்களே தனியாப் போட்டுக்கிருங்க."

நான்தான் பேசினேன் என்று எனக்கே நம்பமுடியவில்லை. மாதக்கணக்கில் கட்டுரை அவர் மேசையில் கிடந்தது. நான் தினமும் போய் எதிரே நின்றேன். ஒரு வியாழக்கிழமை, தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார்.

அச்சில் வந்ததும் சிவகங்கைக்கு, உன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். உன் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். "இதுல எம்புள்ள பேரு எங்குட்டு இருக்கு?" அவர் விரலைப் பிடித்து உன் பெயர்மேல் வைத்தேன்.

"பக்கத்துல சிலுவை போட்டிருக்காகளே?"

"இறந்தவுகளுக்கு அப்படி ஒரு குறி போடுறது வழக்கம்மா."

உன் அம்மா அந்தக் குறியை விரலால் தடவினார். பிறகு, "அப்ப, அவ சொன்னதுதான் சரி?" என்றார்.

"சரிதாம்மா."

அவர் அழவில்லை. தாளோடு வாசலுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரியை உரக்கக் கூப்பிட்டார்.

இப்போது எவரும் என்னிடம் எதையும் வெட்டச் சொல்வதில்லை. பிடிவாதக்காரி என்று முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்களாம். பேசட்டும். அந்தப் பிடிவாதம் உன்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. நீயே வந்து கேட்டாலும் திருப்பித் தரமாட்டேன்.