தலைமைப் பகுப்பாய்வாளர் குடித்துக் காட்டிய தண்ணீர் குறித்து

அனுப்புநர்
பகுப்பாய்வாளர்
(சென்ற வாரம் கண்ணாடிக்கலன் கிடங்குக்கு மாற்றப்பட்டவர்),
பொதுச் சோதனைக்கூடம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
சோதனைக்கூடங்கள் துறை, தலைமை அலுவலகம்.

பொருள்: மருத்துவமனை டயாலிசிஸ் பிரிவுத் தண்ணீரில் அலுமினியம் இல்லை எனத் தலைமைப் பகுப்பாய்வாளர் வழங்கிய சான்று தவறானது – உடனே ரத்து செய்யவும் மாற்றுத் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் முன்பு தங்களுக்கு அனுப்பிய மனுக்கள் ‘தக்க நடவடிக்கைக்கு’ என்ற குறிப்புடன் தலைமைப் பகுப்பாய்வாளரின் மேசைக்கே போய்ச் சேர்ந்தன. அவர் அவற்றின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்ததை நானே பார்த்தேன். இம்முறையாவது அருள்கூர்ந்து தாங்களே படிக்கவும்.

2. மழை தொடங்கியதும் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. அதைத் தெளிய வைக்கப் படிகாரத்தை அள்ளிக் கொட்டினார்கள். படிகாரத்தில் இருப்பது அலுமினியம். நம்மைப் போன்றவர்கள் குடித்தால் பெரும்பகுதியைக் குடல் தடுத்துவிடும். மீதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு இந்த இரண்டு காவலும் கிடையாது. மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் இரத்தம், அந்தப் பக்கம் தண்ணீர். ஆகவேதான் மருத்துவமனை தான் வடிகட்டிய தண்ணீரை நம்மிடம் சோதனைக்கு அனுப்புகிறது.

3. தண்ணீரில் ஒரு சாயத்தைச் சேர்த்தால் அலுமினியம் அதனோடு கூடிச் சிவக்கும். அந்தச் சிவப்பு எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அளந்து சொல்லும். தலைமைப் பகுப்பாய்வாளர் தூய நீரில் அலுமினியத்தைக் கலந்து அளந்து வரைபடம் போட்டார். அடிமட்டம் வைத்து இழுத்தது போலக் கோடு நேராக வந்தது. அதற்குச் சட்டம் போட்டு அறையில் மாட்டியும் விட்டார். நோயாளிகளுக்கு அந்தத் தூய நீரா ஓடுகிறது என்று நான் கேட்டேன். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

4. நம் ஊர்த் தண்ணீரில் ஃபுளோரைடு உண்டு. அது அலுமினியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாயத்திடம் விடாது. சிவப்பு வராததால் கருவி ‘இல்லை’ என்று காட்டிவிடும். சோதனை முறை அச்சிட்டிருக்கும் அதே பக்கத்தின் அடியில் இந்த எச்சரிக்கையும் அச்சாகியிருக்கிறது. அதுவரை படிக்க அவருக்குப் பொறுமை இருக்கவில்லை. மருத்துவமனைத் தண்ணீரில் அளவு தெரிந்த அலுமினியத்தை நானே சேர்த்து அளந்தேன். சேர்த்ததில் பாதிகூடத் திரும்பக் கிடைக்கவில்லை. அதை அவரிடம் காட்டியபோது, “ஏம்மா, நீங்களே போட்டுட்டு நீங்களே தேடுறீங்களா? வேற வேலை இல்லையா?” என்றார். அறையே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லோரும் வேதியியலில் முதுகலை படித்தவர்கள்.

5. தண்ணீரில் கந்தக அமிலம் சேர்த்து வெண்புகை வரும்வரை சுண்டக் காய்ச்சினால் ஃபுளோரைடு ஆவியாகப் போய்விடும். பிறகு மிஞ்சியதைக் கரைத்துச் சாயம் சேர்த்தால் உண்மையான நிறம் வரும். இதற்கு அரை நாள் பிடிக்கும்; நச்சுப்புகையை வெளியே இழுக்கும் கண்ணாடிக் கூண்டும் வேண்டும். நம்மிடம் உள்ள ஒரே கூண்டில் தலைமைப் பகுப்பாய்வாளர் தம் பழைய கோப்புகளையும் உடைந்த மேசை விசிறி ஒன்றையும் அடைத்து வைத்திருக்கிறார். அவற்றை நானே இறக்கி வைத்துவிட்டுச் சோதித்தேன். தூய நீரையும் அதே போலக் காய்ச்சி ஒப்பிட்டேன். இம்முறை, சேர்த்த அலுமினியம் ஏறக்குறைய முழுதும் திரும்பக் கிடைத்தது. மருத்துவமனைத் தண்ணீரில் இருந்ததோ அனுமதித்த அளவைப் போலப் பல மடங்கு. அங்கே வடிகட்டி பழுதாகியிருக்க வேண்டும். அமிலத்தை வீணாக்கியதற்கும் கோப்புகளை இடம் மாற்றியதற்கும் விளக்கம் கேட்டு எனக்குக் குறிப்பாணை வந்தது, மறுநாள் கிடங்கு.

6. விஷயம் கசிந்து நோயாளிகளின் வீட்டார் திரண்டு வந்த அன்று தாங்களும் வந்திருந்தீர்கள். தலைமைப் பகுப்பாய்வாளர் ஒரு குவளை நிறைய அந்தத் தண்ணீரை ஊற்றி, “பாருங்க, நானே குடிக்கிறேன். எனக்கு என்ன ஆயிடும்?” என்று மடமடவென்று குடித்துக் காட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகாது. அவருக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவே. வீட்டார் கைதட்டினார்கள். அவர்களுக்கு விவரம் தெரியாது. ஐயா, தாங்களும் கைதட்டினீர்கள். தாங்கள் இதே துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்.

7. இதில் எனக்குச் சொந்த நலன் இருப்பதாகத் தலைமைப் பகுப்பாய்வாளர் சொல்லித் திரிகிறார். ஆம், இருக்கிறது. என் கணவரின் அக்கா அங்கே டயாலிசிஸ் செய்துகொள்கிறார். எனக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது. கல்யாணமான நாள் முதல் அவர் என்னைக் கரித்துக் கொட்டுவார். நானும் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இல்லை. போன மாதம் மொட்டை மாடியில் துணி உலர்த்துவதில் சண்டை. “ஏன்டி, நீ துணி காயப்போடுற லட்சணத்துல எங்க வீட்டு... எங்க வீட்டு...” என்று நின்றுவிட்டார். ‘மானம்’ என்ற சொல் அவருக்கு வரவில்லை. உதடு துடித்தது, கை உதறியது. கொடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார், பயந்துபோயிருந்தார். அலுமினியம் மூளைக்கு ஏறினால் பேச்சு குழறும் என்று படித்திருக்கிறேன். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவருக்காக நான் அழுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

8. பிரிவுச் செவிலியர் என்னைத் தனியே அழைத்து, “இன்னும் சில பேருக்கு வாய் குழறுது மேடம். சர்டிஃபிகேட் சரியா இருக்குன்னு டாக்டர் சொல்றார். நான் அவங்கள மெஷின்ல மாட்டவா, வேணாமா?” என்று கேட்டார். நிறுத்துங்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. டயாலிசிஸ் இல்லாமல் அவர்களால் அதிக நாள் தாங்க முடியாது.

9. ஆகவே, அந்தச் சான்றை இன்றே ரத்து செய்து மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவும், வடிகட்டி சரியாகும்வரை வேறிடத்திலிருந்து சுத்தமான தண்ணீரைக் கொண்டுவரவோ நோயாளிகளை வேறு மருத்துவமனைக்கு மாற்றவோ ஆவன செய்யவும் வேண்டுகிறேன். தண்ணீரை வெளிச் சோதனைக்கூடத்தில் ஃபுளோரைடு நீக்கி அளக்கச் செய்யவும். மாதிரிப் புட்டியைத் தலைமைப் பகுப்பாய்வாளர் கையில் மட்டும் கொடுத்தனுப்ப வேண்டாம். என் இடமாற்றத்தை ரத்து செய்யக் கேட்கவில்லை. கிடங்கில் கலன் கழுவுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

10. இதை டயாலிசிஸ் பிரிவின் வெளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் படுத்திருக்கிறார். ஊசி குத்தும் முன் என் கையைப் பிடித்து, “தண்ணி... சரி... சரியாயிடுச்சாடி?” என்று கேட்டார். அதைக் கேட்டு முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. ஆயிடுச்சு அண்ணி என்று பொய் சொன்னேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை அவர் வந்து படுப்பதற்குள் அந்தப் பொய்யை உண்மையாக்கத் தங்களால் மட்டுமே முடியும்.

இடம்: டயாலிசிஸ் பிரிவு, வெளிக்கூடம்
நாள்: செவ்வாய்க்கிழமை

பணிவு தீர்ந்துபோன,
(ஒப்பம்)
பகுப்பாய்வாளர்