கார்மென், உன் சித்தப்பாவிடம் சொல்

ஈப்போ,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் கார்மெனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கருணையால் நானும் உன் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மருமகன் ராட்னியும் பெர்த் குளிரிலும் வேலை அலைச்சலிலும் உடம்பைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்பியே இதைத் தொடங்குகிறேன். தினமும் போனில் குரல் கேட்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடியவன் என்று அந்தப் போன் விளையாட்டு எனக்குத் தண்டனை போட்டு வெளியே உட்கார வைத்திருக்கிறது, ஆகவே கை சும்மா இருக்கிறது. அதோடு, போனில் சொன்னால் உன் அம்மா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் திருத்துவாள், காகிதத்தில் அவளால் குறுக்கே வர முடியாது. அவளுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. வாசல் கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று. கோவில் சபைக்குக் கனகராஜைத் தலைவராக்கிவிட்டார்கள், பள்ளியில் எனக்கு வர வேண்டிய தலைமையாசிரியர் பதவியில் போய் உட்கார்ந்தானே, அதே கனகராஜ்தான். எல்லாரும் கை தட்டினார்கள், நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உனக்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், அதற்குள் கனகராஜ் வந்துவிட்டான். போன கிறிஸ்துமசுக்கு நீ வந்தபோது என் போனில் அந்த ஆட்டத்தை இறக்கிக் கொடுத்தாய். வரலாறு போதித்த மனிதனுக்கு இந்தக் கோமாளித்தனம் எதற்கு என்று கேட்டேன். நீ விமானம் ஏறிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. அதற்கு முன் நீ கூப்பிட்டால் நான் என்ன பேசுவேன், சாப்பிட்டாயா, அங்கே மழையா, சரி அம்மாவிடம் கொடுக்கிறேன், அவ்வளவுதான். மகளிடம் பேச ஆசை இல்லாமல் இல்லை, என்ன பேசுவது என்று தெரியாது. இப்போது சனிக்கிழமை நான்கு மணி ஆனால் காதில் குழாயை மாட்டிக்கொண்டு உட்காருகிறேன். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம், மூன்று பாதைகள், நடுவில் காடு, எதிரியின் கோபுரங்களை, டவர் என்பீர்கள், இடித்துக்கொண்டே போய்க் கோட்டையைப் பிடிக்க வேண்டும். அப்பா பின்னால வாங்க, அப்பா புதர்ல ஆள் இருக்கு, ஐயோ அப்பா செத்துட்டீங்களா என்று நீ கத்துவதும் சிரிப்பதுமாக முழுதாக ஒரு மணி நேரம் உன் குரல் என் காதில் இருக்கிறது. இப்படி ஒரு வரத்தை எந்தப் புனிதரிடமும் நான் கேட்டதில்லை, கேட்கத் தெரியவும் இல்லை, நீயாகவே கொடுத்தாய்.

அந்தச் சந்தோஷத்தில் உன் சித்தப்பன் லயனலையும் நீ கொண்டுவந்து சேர்த்ததற்கு மட்டும் அப்போது நன்றி சொல்லவில்லை. ஆள் குறைகிறதுப்பா என்றாய். நீயும் ராட்னியும் நானும் அவனும், ஐந்தாவது ஆள் அந்த ஆட்டமே பிடித்துத் தரும் யாரோ ஒருவர். ராட்னிக்குத் தெரியாத கதை என்பதால் இங்கே எழுதுகிறேன், அவனுக்கு வாசித்துக் காட்டு. சுங்கை சிப்புட் பக்கம் நம் தோட்டத்து ஜெபக்கூடத்தில்தான் உன் தாத்தா அந்தோணிமுத்து பெரிய கங்காணியாரோடு சண்டை போட்டு மணி வாங்கி மாட்டினார். தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றபோது அதை இடிக்கக்கூடாது என்று நான் மனு எழுதினேன், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினேன். இடிக்க வந்த மண்வாரி இயந்திரத்தின் மேலே உட்கார்ந்திருந்தவன் என் கூடப் பிறந்த தம்பி. நான் ஓட்டாட்டி வேற எவனாச்சும் ஓட்டுவான்லா, நானா இருந்தா சாமி சுரூபத்த எடுத்து வெச்சிட்டு பக்குவமா இடிப்பேன் என்று ஊர் முன்னால் சொன்னான். அன்றோடு பேச்சு நின்றது. உன் அம்மா மட்டும் வலேரி சித்தி வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள், நான் வாசலில் கார் நிறுத்தி ஹாரன் அடிப்பதோடு சரி.

அப்படிப்பட்ட இரண்டு பேரை ஒரே அணியில் போட்டாய். அதிலும் எனக்குக் கொடுத்தது டேங்க், முன்னால் நின்று அடி வாங்கும் வேலை. அவனுக்குக் கொடுத்தது என் முதுகுக்குப் பின்னால் நின்று சுடும் வேலை. வேண்டுமென்றே செய்தாய் என்று எனக்குத் தெரியும். நம் வீடுகளில் பேச்சு இல்லாதவர்கள் எப்படிப் பேசுவார்கள், நடுவில் ஒரு ஆளை வைத்துத்தான். கார்மென், உன் சித்தப்பாவிடம் சொல், அந்தப் புதருக்குள் போக வேண்டாம் என்று. அதற்கு அவன், கார்மென், ஒங்கப்பாகிட்ட சொல்லு, முன்னால போனாத்தான நான் சுட முடியும்னு. நீ பெர்த்தில் இருந்து இங்கேயும் அங்கேயும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேரும் செத்துக் கிடப்போம். இப்படி எத்தனை ஆட்டம் தோற்றிருப்போம். ஐந்தாவதாக வந்த ஒரு மலாய்க்காரப் பையன் பொறுக்காமல், அங்கிள், ஏன் நேராகப் பேச மாட்டீர்கள், ரெண்டு பேரும் ஒரே ஆற்றில் குடித்துக்கொண்டே முட்டிக்கொள்கிற எருமை மாதிரி இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டான். லயனல் சிரித்தான். நானும் சிரித்தேன், ஆனால் என் மைக்கை அடைத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

இப்போது, நேற்று அல்ல, அதற்கு முந்தின சனிக்கிழமைக்கு வருகிறேன். நீ அந்தப் பக்கமிருந்து பாதிதான் கேட்டிருப்பாய், மீதியை நான் சொல்ல வேண்டும். நம் கோபுரத்துக்குப் பக்கத்தில் நான் அடி வாங்கிக்கொண்டிருக்கிறேன், அவன் ஆள் பின்னால் அப்படியே நிற்கிறது. கார்மென், உன் சித்தப்பாவைக் கேள், தூங்குகிறானா என்று நான் சொன்னேன். நீ சித்தப்பா சித்தப்பா என்று கூப்பிட்டாய். அவன் ஆளை எதிரி வந்து கொன்றான், கோட்டையில் மறுபடி பிறந்தது, பிறந்த இடத்திலேயே நின்றது. லைன் போயிருக்கும்ப்பா என்றாய். ஆனால் லைன் போகவில்லை. அவன் மைக் திறந்திருந்தது, எனக்குத் துத்தநாகக் கூரையில் மழை கேட்டது, அதோடு கேத்தலின் விசில் கேட்டது. தண்ணீர் கொதித்து விசில் அடிக்கிறது, அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் போய் அடுப்பை அணைக்கவில்லை. தேநீர் விஷயத்தில் லயனலை எனக்குத் தெரியும், விசில் ஆரம்பிக்கும் முன்னே எழுந்து ஓடுபவன். அப்போதுதான் என் வாயிலிருந்து, டேய் லயனல், அடுப்ப அணைடா என்று வந்தது. லயனல், டேய் தம்பி என்று மறுபடி கூப்பிட்டேன். விசில்தான் கேட்டது.

வலேரி கோலா கங்சாரில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தது உன் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. நான் காரில் லயனல் வீட்டுக்குப் போய்ச் சேர அரை மணி நேரமாவது ஆகும். அவன் பக்கத்து வீடு உடையப்பன், இடித்த ஜெபக்கூடத்தின் கல்லையும் மண்ணையும் தன் லோரியில் அள்ளிப் போனவன். அவன் எண் என்னிடம் இருந்தது. பகையாளிகளின் எண்களை நான் அழிப்பதில்லை, யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே எடுக்காமல் இருக்க முடியும். ஆட்டத்தை அப்படியே போட்டுவிட்டு அவனைக் கூப்பிட்டேன். வாத்தியாரே, நம்பர் மாத்தி அடிச்சிட்டீங்களா என்றான். உடையப்பா, என்னை அப்புறம் திட்டிக்கலாம், லயனல் வீட்டுப் பின்கதவ ஒடை என்றேன். மனிதன் ஒரு கேள்வி கேட்கவில்லை. போனை அணைக்காமலே ஓடினான், அவன் மூச்சிரைப்பும் கதவு உடைவதும் எனக்குக் கேட்டது. அப்புறம், வாத்தியாரே, கீழ கெடக்கான், மூச்சு இருக்கு, வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு என்றான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவன் லோரியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பக்கவாதம். நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தான் என்றார் மருத்துவர், இன்னும் தாமதமாகியிருந்தால் என்று தொடங்கி என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வலது கை இன்னும் எழவில்லை. பேச்சு குழறுகிறது. மறுநாள் நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றபோது எதையோ சொன்னான், புரியவில்லை, குனிந்து கேட்டேன், மறுபடி சொன்னான். மூன்றாவது தடவைதான் புரிந்தது. அண்ணே, ஏன் டவர விட்டுட்டு வந்தே என்றான். டவராடா முக்கியம் மடையா என்றேன். வலேரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாதி வந்து சத்தம் போடாதீர்கள் என்றாள்.

ஆகவே மகளே, நன்றி. உனக்கும், அந்தக் கோமாளித்தனத்துக்கும், அவன் மைக்கை அடைக்கக் கற்றுக்கொள்ளாததற்கும். உடையப்பனுக்கும் சொல்லிவிட்டேன், கையைப் பிடித்துச் சொன்னேன், அவன் கூச்சப்பட்டு லோரி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தெரப்பிக்கு ஈப்போதான் கிட்டம் என்பதால் வருகிற வியாழக்கிழமை லயனலும் வலேரியும் நம் வீட்டுக்கு வந்து தங்குகிறார்கள். உன் அறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறோம், உன் புத்தகங்களை நான் பத்திரமாகக் கட்டி வைத்திருக்கிறேன். இடது கை ஒன்றாலேயே இயக்கக்கூடிய ஆள் யாராவது அந்த ஆட்டத்தில் உண்டா என்று ராட்னியைக் கேட்டுச் சொல், லயனல் இன்னும் கேட்கவில்லை, கேட்பான்.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் வாழ வேண்டும், செபமாலையை மறக்காதே, வேலைக்குப் போகும்போது வயிற்றைக் காயப் போடாதே. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அப்பாவும் சித்தப்பாவும் சமாதானமாகிவிட்டார்கள் என்று யாரிடமும் சொல்லித் திரியாதே. ஜெபக்கூடத்து விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. அதைப் பற்றி அவனிடம் கேட்க என்னிடம் நிறைய இருக்கிறது, அவனும் பதில் வைத்திருப்பான், அதை வாய் திறந்து முழுதாக, குழறாமல் என் முகத்துக்கு நேரே அவன் சொல்ல வேண்டும். அதற்காகத் தினமும் காலையில் முழங்காலில் நின்று மன்றாடுகிறேன்.

என்றும் உன் நலம் வேண்டும் அப்பா,
அ. பத்திநாதன்