அப்பாவின் கட்டிலுக்கு மேலே இருந்த தகரம்

இனியும் பேசாமல் இருக்க முடியாது, அண்ணே. ஏழு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். நீங்கள் போய்ச் சேர்ந்தே மூன்று மாதமாகிவிட்டது. இதற்கு மேலும் அடக்கிவைத்தால், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே நானும் ஒரு நாள் போய்விடுவேன்.

மேசையில் மூன்று துண்டுகள் கிடக்கின்றன. ஒரு சிவப்பு சிமெண்டு ஓடு. சாம்பல் நிறத்தில் ஓர் அஸ்பெஸ்டாஸ் துண்டு. உள்ளங்கையளவு புதுத் தகரம். கோலா சிலாங்கூர் கூரைக்கடை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கே, பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார். "சிக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நல்லாப் பாரு, அப்புறம் சொல்லு. கூரை போட்டா பத்து இருபது வருசம் அதுக்குக் கீழதானே படுக்கணும் லா" என்றார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு இந்த ஊரில் அதுதானே பெயர், சிக்கு. உங்கள் வாயில் மட்டும்தான் நான் 'வாத்தியாரே'. அதில் மரியாதை இருந்ததில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

தாளைப் பிரித்ததும் புதுத் தகரத்தின் எண்ணெய் வாசனை முகத்தில் அடித்தது. துண்டைச் சிறிது நேரம் பின்வாசலில் வைத்துவிட்டு எடுத்து வந்தேன். வாசனை போகவில்லை. எண்பத்தொன்றில் நம் கூரைக்கு லோரியில் வந்து இறங்கிய தகரத்தின் அதே வாசனை.

ரப்பர் தோட்டத்தில் கணக்கை முடித்து அனுப்பியபோது அப்பா வாங்கிய வீடு இது. தஞ்சோங் காராங் போகும் சாலையில், கடற்காற்று நேராக வந்து மோதும் இடம். பலகைச் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை. தோட்டத்து லயத்து வீட்டிலும் தலைக்கு மேல் தகரம், இங்கேயும் தகரம். அப்பாவுக்கு ஓட்டு வீட்டின் மீது இருந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவை துரை பங்களாவின் கூரையில் ஏறிப் பாசி தேய்த்துக் கழுவுவது அவர் வேலை. உச்சி வெயிலில் அந்த ஓட்டின் மேல் அரைமணி நேரம் படுத்துத் தூங்கியதாகச் சொல்வார். "மேலயே சூடு இல்லடா. அப்போ கீழ எப்படி இருக்கும்?" என்பார். சொல்லும்போது பங்களாவே அவருடையது போல இருக்கும்.

பக்கவாதம் வந்து நடுக்கூடத்துக் கட்டிலில் விழுந்த பிறகு, அது வெயிலைப் பற்றிய ஆசையாக இல்லாமல் போனது. அவர் குரல் போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, காதருகே வைத்தால் கேட்கும் அளவுக்கு மிஞ்சியிருந்தது. மழை வந்தால் அதுவும் இல்லை. அந்தப் பழைய தகரத்தின் கீழ் நாமே கத்தித்தான் பேசிக்கொண்டோம். ஒரு நாள் மழை விட்ட பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "மழை பேஞ்சா நான் செத்தவன் கணக்குத்தான்டா. தண்ணி கேட்டாலும் தெரியல, வலிக்குதுன்னாலும் தெரியல. ஓடு போடுங்கடா. நான் பேசறது உங்களுக்குக் கேக்கணும்."

அதை அவர் உங்களிடமும் சொன்னார். கூரை ஒழுகுகிறது, மாற்றியே ஆக வேண்டும் என்று நாம் இரண்டு பேரும் முடிவு செய்திருந்த வாரம் அது.

நீங்கள் தகரத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள். பணத்துக்காக என்று நான் சொல்லமாட்டேன். அப்படி இருந்திருந்தால் அதில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும். ராவாங்கில் தொழிற்சாலை வேலைக்கு உங்களுக்குக் கடிதம் வந்திருந்தது. அதை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை, பிறகுதான் எனக்கே தெரிந்தது. தகரம் என்றால் இரண்டு நாளில் முடியும், ஓடு என்றால் சட்டம் அடித்து அடுக்கி இரண்டு வாரம் ஆகும். உங்களுக்கு அவ்வளவு நாள் இல்லை. ஆனால் அப்பாவிடம் நீங்கள் சொன்ன காரணம் வேறு.

"மரம் தாங்காதுப்பா. பழைய சட்டம். ஓட்டு பாரத்துக்கு ஒரு நாள் மொத்தமா உங்க தலையிலயே வந்து விழும்" என்றீர்கள். அப்பா உங்களைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நீங்களும் திரும்பினீர்கள். "என்ன வாத்தியாரே, படிச்சவன் நீ சொல்லு. தாங்குமா?"

மரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும், அண்ணே.

அதற்கு நான்கு நாள் முன்பே சுங்கை பஞ்சாங்கிலிருந்து அந்த ஜாவாக்காரத் தச்சரை வரவழைத்தேன். நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். ஏணி வைத்து மேலே ஏறி, ஒவ்வொரு சட்டத்தையும் சுத்தியலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். "குவாட் லாகி, இன்னும் கெட்டிதான் சிக்கு. நம்ம ரெண்டு பேரும் போன பிறகும் இது நிக்கும்" என்று சிரித்தார். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் உங்கள் முன்னே நின்றேன். நின்று, "அண்ணனுக்குத் தெரியாததா" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருடம் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்க யாருக்குத் தெரியும்? அதற்கு முன்பு கோலா சிலாங்கூரிலிருந்து பெண் வீட்டார் வந்தார்களே, நினைவிருக்கிறதா? எனக்குப் பிடித்த பெண். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. நான் பள்ளியிலிருந்து வீடு திரும்புவதற்குள் வாசலிலேயே அவர்களுக்குப் பதில் சொல்லி அனுப்பிவிட்டீர்கள். தம்பிக்குச் செவ்வாய் தோஷம், அவனே வேண்டாம் என்கிறான் என்று. என் ஜாதகத்தை அன்று பெட்டியிலிருந்துகூட எடுக்கவில்லை. பிறகு கேட்டபோது, "டேய், அந்தக் குடும்பம் நமக்குச் சரிப்படாது லா. உனக்காகத்தான் சொன்னேன்" என்றீர்கள். அடுத்தவர் வாயில் உங்கள் சொல்லை வைப்பது உங்களுக்கு அவ்வளவு இலகுவாக இருந்தது.

அன்றிலிருந்து காத்திருந்தேன். எல்லார் முன்னிலையிலும் ஒரு தடவையாவது நீங்கள் பொய்யன் என்று தெரிய வேண்டும். தகரத்தைப் போடட்டும், முதல் மழை வரட்டும், அப்பா அழட்டும், அப்போது தச்சரையே கூட்டிவந்து நிறுத்துவேன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே உங்களோடு சேர்ந்து தகரம் தூக்கிக் கொடுத்தேன். கூரையின் மேல் உட்கார்ந்து நீங்கள் பாடிக்கொண்டே ஆணி அடித்தீர்கள். "மழை சத்தம் தாலாட்டு மாதிரி இருக்கும் பாரு வாத்தியாரே!" என்று மேலிருந்து கத்தினீர்கள்.

முதல் மழை வந்தது. புதுத் தகரம் பழையதைவிட இரைந்தது. அப்பா அழவில்லை. மழை தொடங்கியதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று நினைத்தேன். அடுத்த மழைக்கும் அதையே நினைத்தேன்.

தகரம் போட்ட பத்தொன்பதாம் நாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழை. அப்பாவுக்கு மூச்சு ஏறி இறங்கியது. நான் தலைமாட்டில், ராவாங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு அன்று லீவில் வந்திருந்த நீங்கள் கால்மாட்டில். அவர் உதடு அசைந்தது. குனிந்து காதை வாயருகே வைத்தேன். மூச்சின் சூடு காதில் பட்டது. சொல் படவில்லை. தலைக்கு மேல் கல்லைக் கொட்டுவது போல இரைச்சல். "என்னப்பா? என்னப்பா?" என்று கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு தடவை உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை.

அப்பாவோடு தோட்டத்தில் கங்காணியாக இருந்த பழைய மண்டோர் வந்து நட்சத்திரம் பார்த்தார். அவிட்டம், அதில் இறந்தால் அடைப்பு என்று சொல்லும் நட்சத்திரம். "அடைப்புல போயிருக்காருப்பா. கூரையத் திறந்து வழி விடணும். இல்லன்னா வீட்டுக்கு ஆகாது" என்றார். நீங்கள் மழையிலேயே ஏணியில் ஏறினீர்கள். பத்தொன்பது நாள் முன்பு பாடிக்கொண்டே அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினீர்கள். ஓங்கி அடித்த ஆணி, எளிதில் வரவில்லை. கீழே மண்டோருக்குப் பொறுமை போய்விட்டது. "ஓடா இருந்தா ரெண்டத் தள்ளி வெச்சா முடிஞ்சிருக்கும். எவன்யா இந்தத் தகரத்தப் போடச் சொன்னது?" என்று கத்தினார். நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு தகரம் நகர்ந்தது. அப்பாவைக் கீழே பாயில் கிடத்தியிருந்தார்கள். கட்டில் காலியாக இருந்தது. சுற்றிலும் அதே இரைச்சல், அந்தச் சதுரத்தில் மட்டும் மழை சத்தமில்லாமல் இறங்கிக் கட்டில் மெத்தையில் விழுந்தது. அவர் கேட்டது அந்த அமைதியைத்தான், அண்ணே. செத்த பிறகு அவர் கட்டிலுக்குக் கிடைத்தது.

மழை தணிந்ததும் நீங்கள் நனைந்தபடி இறங்கி வந்து, கூடியிருந்தவர்கள் முன்னால் அழுதீர்கள். "கடைசியா என்னப் பாத்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'தம்பியப் பாத்துக்க'ன்னாரு." பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். மண்டோர் உங்களைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

காதை வைத்த எனக்குக் கேட்கவில்லை. கால்மாட்டில் நின்ற உங்களுக்குக் கேட்டதாம்.

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் தச்சரின் சொல்லும் கூடவே வெளியே வந்திருக்கும்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் நீங்கள் அண்ணியையும் கூட்டிக்கொண்டு ராவாங்குக்கே போய்விட்டீர்கள். வீட்டை எனக்கு விட்டுக்கொடுத்த தியாகி என்று பெயர். போகுமுன் தகரத்தைத் திரும்பப் பொருத்தி, பிடுங்கிய ஆணித் துளைகளில் தார் பூசினீர்கள், முதல் வெயிலிலேயே வெடித்துவிட்டது. ஏழு வருடமாக அந்தத் துளைகள் நடுக்கூடத்தில் சொட்டுகின்றன. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு டின்னோடு வந்து, அண்ணாந்து பார்த்து, "டேய், இன்னுமா ஒழுகுது? தார் பூசுடா, சரியாயிடும்" என்பீர்கள். எனக்கு எது நடந்தாலும், பதவி உயர்வு வந்தாலும் காய்ச்சல் வந்தாலும், உங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் இருந்தது: "அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு, நான் பாத்துக்கணும்." உங்கள் சாவு வீட்டில்கூட யார் யாரோ வந்து என் கையைப் பிடித்தார்கள். "உங்க அண்ணன் உங்கள எப்படிப் பாத்துக்கிட்டாரு!" நான் தலையாட்டினேன். பழகிப்போன தலை.

போன வாரம் அதே தச்சரை வரச் சொன்னேன். முடி முழுவதும் நரைத்துவிட்டது. ஏணியில் பாதி ஏறி, சட்டத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கீழே பார்த்தார். "அப்பவே சொன்னேனே சிக்கு, ஓடு தாங்கும்னு. நீ ஏன் தகரம் போட்டே?" பக்கத்தில் யாரும் இல்லை. இருந்தும் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பின்னால் நிற்பது போல இருந்தது. "அண்ணன் போடச் சொன்னார்" என்றேன். அவர் அளவு எடுக்கத் தொடங்கினார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

சிவப்பு ஓட்டை எடுக்கப்போகிறேன். தவுக்கேயிடம் நாளைக்குச் சொல்லிவிடுவேன். இனி இந்த வீட்டில் மழையிலும் மெல்லப் பேசலாம். பேச இங்கே யார் இருக்கிறார்கள் என்பதை நீங்கள்தான் அந்தப் பெண் வீட்டாரைத் திருப்பி அனுப்பிய அன்றே முடிவு செய்துவிட்டீர்களே.

உங்களை மன்னிக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நீங்கள் அவசரத்துக்குப் பொய் சொன்னீர்கள், நான் உங்களைத் தோற்கடிக்க உண்மையை மறைத்தேன். நடுவில் ஒரு மனிதர் கேட்டதெல்லாம், அவர் பேசுவது நமக்குக் கேட்க வேண்டும் என்பதுதான். என் காதில் இன்னும் இருப்பது சொல்லே இல்லாத அந்த மூச்சின் சூடு. மழை பெய்யும்போதெல்லாம் இடது காதைத் துடைத்துக்கொள்கிறேன். மாணவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

உறையில் உங்கள் பெயரையும் ராவாங் முகவரியையும் எழுதிவிட்டேன். அண்ணி பிரித்துப் படிப்பார். கையெழுத்தைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொள்வார், அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் கடிதத்தின் கீழே என்ன எழுதுவது என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன். என் பெயரை மட்டும் போட்டு நான் உங்களுக்கு எழுதியதில்லை. எப்போதும் 'உங்கள் தம்பி' என்றுதான் முடித்திருக்கிறேன். இன்று அப்படி எழுதினால், அப்பா அன்று சொன்னதாக நீங்கள் சொன்ன வாக்கியத்துக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டது போலாகும்.

கீழே எதுவும் எழுதாமல் மடித்துவிட்டேன். காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் இப்படியே தபாலில் போட்டுவிடுகிறேன்.