கூப்பிட்டும் திரும்பாத பிள்ளை

செவ்வாய்க்கிழமை, இரவு.

என் ஒன்றாம் வகுப்பில் படிக்கும் முத்துச்செல்வியின் அம்மா மாரியம்மாளை இன்று பள்ளிக்கு வரச் சொல்லியிருந்தேன். மம்சாபுரத்தில் களை வேலையைப் பாதியில் விட்டு வந்தாள்.

"திமிரு புடிச்சவ டீச்சர். எம்புட்டு கத்துனாலும் திரும்ப மாட்டா. நாலு போடுங்க."

முத்துச்செல்வி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று சாப்பாட்டுத் தட்டைக் கரண்டியால் தட்டினேன். மற்ற பிள்ளைகள் திரும்பினார்கள். அவள் வரைந்துகொண்டே இருந்தாள்.

மாரியம்மாள் மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "காது கேக்கலயா? இதுக்கா தெனம் அடிச்சேன்?"

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை. நானும் கூட வருகிறேன் என்றேன். "நல்லா இருப்பீங்க டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதில் சொல்லாததற்காகப் போன மாதம் அந்தப் பிள்ளையை இரண்டு நாள் வெயிலில் நிறுத்தியதை நான் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை. வியாழக்கிழமை பஸ்ஸில் மாரியம்மாள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும்.